வயர் இழுக்காத வீடு

வயர்மேன் வீட்டில் நான்கு பேரும் பேசிக்கொண்டிருந்தால்தான் விளக்கு எரியும். மின்சார ஆபீசுக்கே இது தெரியும். மாதம் ஒருமுறை மீட்டர் பார்க்க வருகிறவர், அட்டையில் குறிப்பு எழுதவென்று விட்டிருக்கும் கட்டத்தில் 'பேச்சுவார்த்தை உண்டு' என்றோ 'பேச்சுவார்த்தை இல்லை' என்றோ பச்சை மையில் எழுதி, சுருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். தெருவிலும் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி வீட்டுச் சுவர்க் கடிகாரம் மழை நாட்களில் பின்பக்கமாக ஓடியது, மாடி வீட்டுத் தையல்காரர் ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பினார். இதையெல்லாம் நின்று விசாரிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அது ஒரு வயர்மேனின் வீடாகப் போனதுதான் தெருவுக்கு வேடிக்கை. அந்த வேடிக்கைக்கு முதலில் சிரிக்கிறவரும் வயர்மேன்தான். அடுத்தவர் சிரிக்கும் முன் தானே சிரித்துவிட்டால் வலி பாதியாகக் குறைகிறது என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார்.

அவரைத் தெருவில் 'டெஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவர் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரைச் செருகியிருப்பார். குளித்துவிட்டுத் துண்டோடு வரும்போதுகூட அது காதோரம் இருக்கும். நாற்பத்திரண்டு வீடுகள், இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு சினிமா தியேட்டர் எல்லாம் அவர் கைபட்டு வெளிச்சம் கண்டவை. கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் அவர் ஒரே பாடத்தைத்தான் சொல்வார்: கரண்ட் கிளம்ப ஓர் இடம் வேண்டும், நடக்க ஒரு பாதை வேண்டும், வழியில் செய்ய ஒரு வேலை வேண்டும், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரவும் வழி வேண்டும். திரும்பி வர வழியில்லை என்றால் அது கிளம்பவே கிளம்பாது, அவ்வளவு ரோஷம் அதற்கு. நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலும் முழுப் பாதையும் செத்துவிடும். ஸ்விட்ச் என்பது வேறொன்றுமில்லை, அந்த இடைவெளியை நாம் வேண்டும்போது போடவும் எடுக்கவும் ஒரு பொத்தான். ஒருமுறை துக்க வீடொன்றில் நின்றுபோன மின்விசிறியைப் பார்க்கப் போனவர் இதைக் கால் மணி நேரம் விளக்கினார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நான்கு பேர் என்றால் வயர்மேன், அவர் மனைவி, அவருடைய அக்கா, ஒரே மகள். மனைவிக்குப் பல் மருத்துவமனை ஒன்றின் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் வேலை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளாமல், ஒரு பெரிய ஓட்டலில் இருபத்தெட்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, முன்பின் தெரியாதவர்களை எல்லாம் ஒருவரோடொருவர் பேசவைத்து ஓய்வு பெற்றவள். மகளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது வீட்டைக் கட்டிக் குடிவந்தார்கள். முதல் ஒன்பது வருடம் எல்லோரும் எல்லோரோடும் பேசினார்கள். சாப்பாட்டு மேசையில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசி, யார் சொன்னதும் யாருக்கும் காதில் விழாது. விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன. தன் கைவேலையின் நேர்த்திதான் காரணம் என்று வயர்மேன் நம்பினார், வருகிறவர்களிடம் சொல்லவும் செய்தார்.

பிறகு ஒருநாள், மனைவி மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொள்ள வைத்திருந்த புதுச் சட்டையை, உதவி செய்வதாக நினைத்து அக்கா இஸ்திரி போட்டாள். போட்டவள் நடுவில் ஏதோ கதை சொல்லத் திரும்பியதில், முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு முழுதாக விழுந்து பொசுங்கிப் போனது. குடும்பம் என்று ஒன்று நடத்தியிருந்தால் அல்லவா அடுத்தவள் பொருளின் அருமை தெரியும் என்றாள் மனைவி. பல்லையே பார்த்துக்கொண்டிருந்து சிலருக்கு நாக்கு நீண்டுவிட்டது என்றாள் அக்கா. அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே சமையலறை, ஒரே குளியலறை, ஒன்பது வருடம் ஒரு வார்த்தை இல்லை. அக்காவுக்குத் தெரிய வேண்டியதை மனைவி மகளிடம் சொல்வாள், மகள் அத்தையிடம் சொல்வாள். சண்டை நடந்த அன்று மாலையே வீட்டு விளக்குகள் கால்வாசி வெளிச்சத்துக்கு இறங்கின. வயர்மேன் டெஸ்டரை எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு, லோ வோல்டேஜ், தெருவுக்கே இப்படித்தான் என்று அறிவித்தார். எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவர் இதைச் சொன்னார்.

அடுத்த வருடம் மகளுக்குத் தொண்டை கட்டி ஒரு வாரம் பேச்சு வரவில்லை. வீடு முழுக்க இருட்டு. மூன்று நாள் மெழுகுவர்த்தியில் ஓட்டிவிட்டு, நான்காம் நாள் வேறு வழியில்லாமல் வயர்மேன் ஹாலில் இருந்த ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். மனைவி டார்ச் அடித்தாள். போர்டுக்குப் பின்னால் நான்கு விரல் நீளத்துக்கு வயர் நுனிகள் சுருண்டிருந்தன, அதற்கப்பால் சுவருக்குள் போகும் பைப் காலியாக இருந்தது. அடுத்த அறைப் போர்டைக் கழற்றினார், அதுவும் காலி. நான்கு அறையிலும் காலி. பிற்பாடு வயரைக் கட்டி இழுப்பதற்கென்று விட்டுவைத்த நூல் மட்டும் உள்ளே மக்கிப் போய்க் கிடந்தது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. குடிவருவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, கையிலிருந்த வயர் மீட்டரிலிருந்து வாசல்படி தாண்டும் அளவுக்குத்தான் இருந்தது, கடை மூடியிருந்தது, சாமான் வண்டி காலையில் வந்து நின்றுவிடும். போர்டுகளை மாட்டி மூடிவிட்டு, அடுத்த வாரம் இழுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். மறுநாள் மாலை புது வீட்டுச் சந்தோஷத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, யாரோ ஸ்விட்சைத் தட்ட, விளக்கு எரிந்தது. எரிகிற விளக்கைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? இழுத்துவிட்டோம் போலிருக்கிறது என்று அவரும் நம்பிவிட்டார்.

"பைப்புல வயரே இல்லையேங்க?" என்றாள் மனைவி.

"இது புது முறை," என்றார் வயர்மேன்.

அவள் டார்ச்சை அணைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் மூன்று நாள் வெளிவேலைக்குப் போகாமல், முதல் தரமான வயர் இரண்டு சுருள் வாங்கி வந்து வீடு முழுவதும் இழுத்தார். வாழ்நாளில் அவர் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான். டெஸ்டர் வைத்த இடமெல்லாம் சிவப்பாக எரிந்தது, பல்பு மட்டும் எரியவில்லை. பல்புகளுக்கு வேறு பழக்கமாகிவிட்டது. எட்டாம் நாள் காலையில் மகளுக்குக் குரல் திரும்பி, "அத்தை, குளிச்சாச்சான்னு அம்மா கேக்குறாங்க" என்று கரகரத்த கணத்தில் நான்கு விளக்கும் எரிந்தன. இழுத்த வயரை எல்லாம் உருவி, நாற்பத்து மூன்றாவது வீட்டுக்குப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டின் போக்கு எல்லோருக்கும் பிடிபட்டது. மாலை ஆறு மணிக்குள் வயர்மேன் மனைவியிடமும், மனைவி மகளிடமும், மகள் அத்தையிடமும், அத்தை தம்பியிடமும் ஏதாவது பேசிவிட வேண்டும். என்ன பேச்சு என்பது முக்கியமில்லை, "டீ ஆறுது" என்றால்கூடப் போதும். ஆனால் கடமைக்குப் பேசினால் வெளிச்சமும் கடமைக்குத்தான் வரும். ஹால் வயர்மேனுக்கு, சமையலறை மனைவிக்கு, மற்ற இரண்டு அறைகள் அக்காவுக்கும் மகளுக்கும் என்று ஆளுக்கொரு விளக்கு. ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவர் அறையில் மட்டுமல்ல, நான்கு அறையிலும் மங்கும். வயர்மேனும் மனைவியும் சண்டை போட்ட நாட்களில் வீட்டோடு இருட்டு. இருட்டில் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருக்க முடியும்? ஒருவர் கால் இடறி முனகினால் மற்றவர் "பாத்து" என்பார், விளக்கு வந்துவிடும். இந்த ஏற்பாட்டால் குடும்பம் சீர்படும் என்று எண்ணித் தெருவில் இரண்டு பேர் தங்கள் வீட்டு வயரையும் உருவித் தரும்படி கேட்டார்கள். அதில் ஒருவருக்கு வாடகை வீடு என்பதால் வயர்மேன் மறுத்தார். இன்னொருவரின் மனைவி மறுத்துவிட்டாள்.

மகள் படித்து, இருபத்திரண்டு வயதில் லிப்ட் கம்பெனி ஒன்றில் வேலை வாங்கினாள். ஊர் தூரம், பகல் முழுக்க ரயிலில் போக வேண்டும். ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். கடிதம் வந்த அன்று அவள் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி, நான்கு வட்டம் போட்டு, ஒரே கோட்டால் சுற்றி இணைத்து அப்பாவிடம் காட்டினாள்.

"நம்ம வீடு சீரீஸ்ல இருக்குப்பா. ஒரே பாதை, நாலு பல்பு. நான் போனா பாதை அறுந்துடும். அம்மாவும் அத்தையும் நேரா பேசினா எல்லாருக்கும் தனித்தனி பாதை கிடைச்சுடும், பேரலல் ஆயிடும். அப்புறம் யார் போனாலும் மத்த மூணும் எரியும்."

சொல்லிவிட்டு, அது நடக்கிற காரியமா என்று தானே கேட்டு, தாளை மடித்து வைத்தாள். மூன்று பேரை இருட்டில் விட்டுவிட்டு எங்கோ போய் லிப்டுக்கு விளக்குப் போடத் தன்னால் முடியாது, வரவில்லை என்று எழுதிவிடப் போகிறேன் என்றாள். அதைக் கேட்டபோது வயர்மேனுக்கு வந்தது வருத்தம் இல்லை, சந்தோஷம். பெண் பிள்ளைகள் நாலு ஊர் போய் வேலை பார்க்க வேண்டும் என்று வீடு வீடாக ஏணியில் நின்றபடி பேசியவர் அவர். ஆனால் அவருடைய கரண்ட் பாடத்தைக் கொட்டாவி விடாமல் கேட்ட ஒரே உயிர் இந்த மகள்தான். அவள் இல்லாத சாயங்காலத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தன் சந்தோஷத்தைக் கண்டு அவருக்கே வெட்கமாக இருந்தது, வெட்கத்தால் அது குறையவும் இல்லை.

மனைவிக்கும் அக்காவுக்கும் மகள் போயாக வேண்டும் என்பதில் ஒரே கருத்து. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் வழியில்லை. மகள் தூரத்திலிருந்தே பேச்சைக் கடத்த முடியுமா என்று டெலிபோனில் முயன்று பார்த்தார்கள்; மகள் தோழி வீட்டிலிருந்து அரை மணி நேரம் பேசியும் விளக்கு கண் சிமிட்டவில்லை. அந்தக் கரண்ட் எல்லாம் டெலிபோன் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது போலும். கடைசியில், மகள் இருந்த இடத்தில் தானே நிற்பதாக வயர்மேன் முன்வந்தார். மகளைத் தோழி வீட்டிலேயே மூன்று நாள் இருக்கச் சொல்லிவிட்டு, சமையலறைக்கும் அக்காவின் அறைக்கும் நடுவில் பேச்சைச் சுமந்துகொண்டு ஓடினார். பேச்சு போய்ச் சேரும் நேரம் விளக்கு எரியும், அவர் திரும்பி நடக்கும் நேரம் அணையும். வீடு விட்டுவிட்டு மினுக்குவதைப் பார்த்து, ஏதோ விசேஷம் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் வாழ்த்துச் சொல்ல வந்தார். இரண்டாம் நாள் வயர்மேனுக்கு முழங்கால் வீங்கியது. வீங்காமலே இருந்திருந்தாலும் அவர் அதைவிட வேகமாக ஓடியிருக்க மாட்டார். இந்த ஏற்பாடு சரிப்படாது என்று எல்லோரும் சொல்லும் நேரத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

மூன்றாம் நாள் மாலை, காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்க அக்காகிட்ட சொல்லுங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. என்னை மன்னிக்கணும். பொண்ணு போகட்டும்."

ஒன்பது வருடமாக அந்த வீடு காத்திருந்த பேச்சு அது. சமையலறையிலிருந்து அக்காவின் அறைக்குப் பதினோரு அடி. அந்தப் பதினோரு அடியில் வயர்மேன் மகளின் பெட்டியைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார், சாயங்கால ஹாலில் தனியாக உட்கார்ந்திருக்கும் தன்னைப் பார்த்தார். என்ன சொன்னாள் என்று அக்கா கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றார். வீடு முழுவதும் விளக்கு அணைந்தது. அவர் இருட்டில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பின்னால் மனைவியின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

"நான் சொன்னேன் அண்ணி," என்றாள் மனைவி.

"என்ன சொன்னே?" என்றாள் அக்கா.

கரண்டுக்கு வழியில் ஒரு வேலை வேண்டும் என்று வயர்மேன் சொல்லிக்கொண்டே இருந்தது இதற்காகத்தான். தடுக்க ஒன்றும் இல்லாமல் இரண்டு நுனிகள் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டால், வர வேண்டியது எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். ஷார்ட் என்று தொழிலில் சொல்வது அதைத்தான். ஒன்பது வருடப் பேச்சு நடுவில் டீ, குளியல் என்று எந்தச் சாக்கும் இல்லாமல் மோதியது. தெருவில் எல்லா விளக்கும் ஒரு கணம் வெள்ளையாக எரிந்து தணிந்தது, மாடித் தையல்காரர் கையில் ஊசி இல்லாமலே எழும்பினார். இருவருக்கும் நடுவில் நின்ற வயர்மேனின் தொண்டைக்குள் 'டப்' என்று சின்னச் சத்தம் கேட்டது, லேசாகப் புகை வந்தது. அந்த வீட்டில் அன்று எரிந்துபோனது அவர் குரல் ஒன்றுதான். இத்தனை வருடமாக அந்தக் குடும்பத்துக்குப் பவர் ஹவுஸ் தான்தான் என்று அவர் நினைத்திருந்தார். அவர் பியூஸ். பெட்டியில் இருப்பதிலேயே மெல்லிசான கம்பி, உருகுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

மனைவியும் அக்காவும் மறுநாள் பால் வரும்வரை பேசினார்கள். சட்டைக்கு அரை மணி நேரம்தான் ஆனது, மீதி நேரம் முழுக்க வயர்மேனைப் பற்றி. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், மறுத்துப் பேச வழியில்லை. காலையில் வந்த மகள், சமையலறையிலும் அத்தையின் அறையிலும் விளக்கு பகல் போல எரிவதையும் அப்பாவின் ஹாலில் எரியாததையும் பார்த்தாள், பெட்டியை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். ஸ்டேஷனில் அவள் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து, போகட்டுமா அப்பா என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கண் நிறைந்து அவர் தலையசைத்ததை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். குரல் இருந்திருந்தால் போகாதே என்றுதான் சொல்லியிருப்பார், அவளும் இறங்கியிருப்பாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, கோளாறு ஒன்றுமில்லை, மெல்லிசாக ஏதோ உருகியிருக்கிறது, சொல்ல வேண்டியதைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்று எழுதிக் கொடுத்தார். வயர்மேன் ஊமையாக வேலைக்குப் போனார். பாடம் கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் அவரைக் கூப்பிடும் வீடுகள் இரண்டு மடங்காயின. வீட்டில் மகளின் அறையோடு ஹாலும் இருட்டு. அவர் ஒருவர் அணைந்து கிடந்ததால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. மனைவியும் அக்காவும் அறை அறையாகப் போய்ச் சண்டை போட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள், வெளிச்சம் கொட்டியது. பேரலல் என்றால் இதுதான் என்று அவருக்குப் புத்தகத்தில் தெரியும், இப்போது உட்கார்ந்து பார்த்தார். பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இருபத்து மூன்றாம் நாள், இருவரும் மேசையில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவர் போய் நின்றார்.

"அன்னிக்கு நான் வேணும்னேதான் சொல்லலை அக்கா. அவ போயிடுவான்னு."

எழுத்தெழுத்தாகத்தான் வந்தது, ஆனால் வந்துவிட்டது.

"தெரியுமே," என்றாள் மனைவி, மடிப்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்கும்தான்டா கேட்டுச்சு," என்றாள் அக்கா. "நீ சொல்றியான்னு பாத்தேன்."

ஹால் விளக்கு எரிந்தது. இருவரும் ஆளுக்கொரு போர்வையை அவரிடம் தள்ளி மடிக்கச் சொன்னார்கள்.

மகளின் அறை விளக்கு மட்டும் எரியாமலே இருந்தது. ஞாயிறுதோறும் போனில் பேசுவாள், வேலை நன்றாக இருக்கிறது, ஊர்தான் ஊமை ஊர், லிப்டில் ஏறினால் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள் என்பாள். ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு அந்த அறையில் விளக்கு தானாக எரிந்து, அரை மணி நேரம் கழித்து அணைந்தது. புதன்கிழமை ஒரு மணி நேரம். வியாழக்கிழமை ஆறரைக்கு எரிந்தது ஒன்பதரை வரை அணையவில்லை, வெளிச்சமும் ஹாலைவிடத் தூக்கலாக இருந்தது. அங்கே அவளுக்குப் பேச யாரோ கிடைத்துவிட்டார்கள். மனைவியும் அக்காவும் அறை வாசலில் நின்று பார்த்து, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாராக இருக்கும் என்று கேட்க வயர்மேனுக்கு வாய் வரை வந்தது, அண்ணாந்து பல்பைப் பார்த்தார். பல்பு பழசு, கழுத்தெல்லாம் கறுத்திருந்தது. தினமும் மூன்று மணி நேரம் என்றால் தாங்காது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வருகிற வழியில் நல்லதாக ஒன்று வாங்கி வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, அவள் பேச ஆரம்பிப்பதற்குள் மாட்டி முடித்தார்.